கடிதமே மனுவான கதை: இந்தியாவில் பொதுநல வழக்கு

பொதுநல வழக்கு எந்த நாடாளுமன்றமும் இயற்றிய சட்டத்தால் பிறந்ததல்ல. 1970-களின் கடைசி ஆண்டுகளில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சிலர், வழக்கறிஞர்கள், பத்திரிகையாளர்கள், சட்டப் பேராசிரியர்கள், சிறைக்குள் இருந்த சில கைதிகள் ஆகியோர் சேர்ந்து உருவாக்கிய வழக்குமுறை அது. அதற்கான விதை மட்டும் 1950-ஆம் ஆண்டின் அரசியல் சாசனத்திலேயே இருந்தது. அடிப்படை உரிமை மீறப்பட்டவர் நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 32-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த வழியே ஓர் உரிமையாக அங்கே தரப்பட்டிருக்கிறது. சாசனத்தின் இதயமும் உயிரும் இந்தப் பிரிவுதான் என்று அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் கூறினார். உயர் நீதிமன்றங்களுக்கு இதே அதிகாரத்தை 226-ஆவது பிரிவு இன்னும் விரிவாகவே கொடுத்தது. ஆனால் எழுத்தில் இருந்த இந்த வழி ஏழைகளுக்குத் திறக்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

முதல் சோதனை சென்னை மாகாணத்திலிருந்தே வந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் 1947 டிசம்பரிலிருந்து சிறையில் இருந்தார். ஒரு காவல் உத்தரவு ரத்தானால் அடுத்தது தயாராக இருந்தது. 1950-இல் வந்த தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் மறுபடி அவரை அடைத்தபோது அவர் உச்ச நீதிமன்றம் போனார். அவருக்காக வாதாடிய எம்.கே.நம்பியார், உயிரையும் உடல்சார் சுதந்திரத்தையும் காக்கும் 21-ஆவது பிரிவில் சொல்லப்படும் நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும், சட்டமன்றம் எழுதி வைத்தது எதுவும் நடைமுறை ஆகிவிடாது என்றார். 1950 மே 19-இல் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. சட்டம் ஒன்று இருந்து அதில் சொன்னபடி நடந்தால் போதும் என்பது தீர்ப்பின் சாரம். நீதிபதி பசல் அலி மட்டும் மாறுபட்டு எழுதினார்.

அந்தத் தீர்ப்பைப் பிற்போக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் சாசனத்தை எழுதியவர்களே அப்படி எண்ணித்தான் வாசகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சாசன ஆலோசகர் பி.என்.ராவ் அமெரிக்காவில் நீதிபதி பெலிக்ஸ் பிராங்க்பர்ட்டரைச் சந்தித்துத் திரும்பிய பிறகு, நீதிபதிகளுக்கு அளவுக்கு மீறிய அதிகாரம் தரும் என்று அமெரிக்க வாசகம் கைவிடப்பட்டது. நிலச் சீர்திருத்தத்தை நீதிமன்றங்கள் தடுத்துவிடும் என்ற அச்சம் அன்று நியாயமாகவே இருந்தது. நீதிமன்றம் எல்லாவற்றிலும் அரசின் பக்கமே சாய்ந்தது என்றும் சொல்ல முடியாது. கோபாலன் தீர்ப்பு வந்த அதே மாதத்தில், 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரி வார இதழைச் சென்னை மாகாணத்துக்குள் வரவிடாமல் தடுத்த உத்தரவை அது செல்லாது என்றது. எனினும் முதல் கால் நூற்றாண்டில் அடிப்படை உரிமை என்ற பெயரில் நீதிமன்றப் படியேறியவர்களில் பெரும்பகுதியினர் நிலவுடைமையாளர்கள், வங்கி முதலாளிகள், பத்திரிகை அதிபர்கள், அரசு ஊழியர்கள். குவாரியில் கல் உடைப்பவர் அங்கே வரவில்லை. அவருக்கு வழக்கறிஞர் வைக்கப் பணம் கிடையாது. அவருக்காக வேறொருவர் வந்தால், பாதிக்கப்பட்டது நீர் அல்லவே என்று திருப்பி அனுப்ப விதி இருந்தது.

1975 ஜூன் 25-இல் நெருக்கடி நிலை வந்தது. லட்சத்துக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றி அடைக்கப்பட்டனர். அவர்களின் ஆட்கொணர்வு மனுக்களை ஒன்பது உயர் நீதிமன்றங்கள் விசாரணைக்கு ஏற்றன. அரசு மேல்முறையீடு செய்தது. நெருக்கடி நிலையில் ஒரு காவலர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றாலும் நீதிமன்றத்தில் பரிகாரம் இல்லையா என்று நீதிபதி எச்.ஆர்.கன்னா கேட்டார். அரசுத் தலைமை வழக்கறிஞர் நிரேன் டே, இல்லை என்ற பொருளில் பதில் சொன்னார். அதன் பிறகும் 1976 ஏப்ரல் 28-இல் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா ஒருவரே மறுத்தார். அடுத்த ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி இளையவருக்குப் போனது. கன்னா பதவி விலகினார்.

பொதுநல வழக்கின் வரலாறு இந்தத் தோல்வியிலிருந்துதான் தொடங்குகிறது என்று சட்ட அறிஞர் உபேந்திர பக்ஷி போன்றோர் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கணிப்பை மறுக்கக் காரணம் இல்லை. அரசின் பக்கம் நின்ற நான்கு பேரில் ஒருவர் பி.என்.பகவதி. இன்னொருவர் ஒய்.வி.சந்திரசூட். பிற்காலத்தில் ஏழைகளுக்கு ஆதரவான மிகப் பெரிய தீர்ப்புகளை எழுதியவர்கள் இவர்களே. 1976-இல் தாம் எடுத்த நிலைக்காகப் பகவதி 2011-இல் வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தார். இழந்த மதிப்பை மீட்க நீதிமன்றத்துக்கு மக்கள் தேவைப்பட்டார்கள் என்பது கொஞ்சம் கடுமையான சொல்தான், ஆனால் நடந்தது ஏறக்குறைய அதுதான்.

1978 ஜனவரி 25-இல் மேனகா காந்தியின் கடவுச்சீட்டு வழக்கில் கோபாலன் தீர்ப்பின் அடிப்படை தகர்ந்தது. 21-ஆவது பிரிவு சொல்லும் நடைமுறை நேர்மையானதாகவும் நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. 28 ஆண்டுகளுக்கு முன் நம்பியார் கேட்டது அதைத்தான். வெளிநாடு போக விரும்பிய, அரசியல் குடும்பத்துப் பெண் ஒருவரின் வழக்கில் கிடைத்த இந்த விளக்கம், சிறைக் கைதியிலிருந்து நடைபாதைவாசி வரை பிற்பாடு வந்த எல்லோருக்கும் அடித்தளமானது.

விளக்கம் கிடைத்தால் போதாது, அதைப் பயன்படுத்த ஆள் உள்ளே வர வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்களில் முதல்வர் வி.ஆர்.கிருஷ்ணய்யர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னைச் சட்டக் கல்லூரியில் படித்து, தலச்சேரியில் வழக்கறிஞராக இருந்தவர். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று 1948-இல் ஒரு மாதம் சிறையில் இருந்தார். 1957-இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்டம், உள்துறை, சிறை ஆகியவை அவர் பொறுப்பில் இருந்தன. சிறையைக் கைதியாகவும் அமைச்சராகவும் பார்த்த ஒருவர் 1973-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். அவர் தீர்ப்புகளின் ஆங்கிலம் அகராதியோடு படிக்க வேண்டியது என்று வழக்கறிஞர்கள் கேலி செய்வதுண்டு. ஆனால் யார் வழக்குத் தொடுக்கலாம் என்ற கேள்வியைத் தளர்த்தி எழுதியதில் அவரிடம் எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. இலவசச் சட்ட உதவி பற்றி அவரும் பகவதியும் 1970-களில் அரசுக்குத் தந்த அறிக்கைகளே பின்னால் வந்த சட்டங்களுக்கு வழிகாட்டின.

1979 ஜனவரியில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளேட்டில் பீகார்ச் சிறைகளைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. எழுதியவர் தேசியக் காவல் ஆணைய உறுப்பினராக இருந்த கே.எப்.ருஸ்தம்ஜி. விசாரணையே தொடங்காமல் ஆண்டுக்கணக்கில் கிடப்பவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. சிலர் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்கு உச்சபட்சத் தண்டனை விதித்திருந்தால்கூட அதற்குள் வெளியே வந்திருப்பார்கள். குற்றவாளிகளே அல்லாத பெண்கள், சாட்சி என்றும் பாதுகாப்பு என்றும் சொல்லி அடைக்கப்பட்டிருந்தார்கள். டெல்லி வழக்கறிஞர் புஷ்பா கபிலா ஹிங்கொரானி அந்தச் செய்தித்தாளை ஆதாரமாக வைத்து ஆட்கொணர்வு மனு போட்டார். அந்தக் கைதிகளில் யாரும் அவரிடம் வக்காலத்து கொடுத்திருக்கவில்லை. அதற்கு முன்பென்றால் பதிவாளர் அலுவலகமே அதைத் திருப்பியிருக்கும்.

கைதிகளில் முதலில் பெயர் வந்தவரைக் கொண்டு ஹுசைனாரா காத்தூன் வழக்கு என்று அழைக்கப்படும் இதில், விரைவான விசாரணையும் ஏழைக்கு இலவச வழக்கறிஞரும் 21-ஆவது பிரிவுக்குள் அடங்கும் என்று பகவதி எழுதினார். ஜாமீன் முறையையும் அவர் விடவில்லை. பணம் கட்ட முடிந்தவன் வெளியே, முடியாதவன் உள்ளே என்பது சட்டத்தின் முன் சமம் ஆகாது, ஊரில் குடும்பமும் தொழிலும் இருப்பவரைச் சொந்தப் பிணையில் விடலாம் என்றார். தொடர்ந்து வந்த உத்தரவுகளால் ஏறத்தாழ 40,000 விசாரணைக் கைதிகள் விடுதலையானதாகச் சொல்லப்படுகிறது. ஹிங்கொரானியைப் பொதுநல வழக்கின் தாய் என்பார்கள்.

அதே ஆண்டில் திகார் சிறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மரண தண்டனைக் கைதியான சுனில் பத்ரா, தன்னைப் பற்றி அல்லாமல், வார்டர் ஒருவர் இன்னொரு கைதியைச் சித்திரவதை செய்ததைப் பற்றி நீதிபதிக்கு எழுதினார். கிருஷ்ணய்யர் அதையே ஆட்கொணர்வு மனுவாக ஏற்றார். முத்திரைத் தாள், பிரமாணப் பத்திரம், வக்காலத்து எதுவும் இல்லாத ஒரு கடிதம் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு எண் பெற்றது. அதற்குப் பிறகு கடிதங்கள் வரத் தொடங்கின. ஆக்ராவில் அரசுப் பாதுகாப்பு இல்லத்துப் பெண்களின் நிலையைப் பற்றிப் பேராசிரியர்கள் உபேந்திர பக்ஷியும் லோத்திகா சர்க்காரும் எழுதினார்கள். பம்பாய்க் காவல் நிலையங்களில் பெண் கைதிகள் படும் பாட்டைப் பற்றிப் பத்திரிகையாளர் ஷீலா பர்சே எழுதினார். 1983-இல் அந்தக் கடிதத்தின் மேல் வந்த தீர்ப்பு, பெண் கைதிகளுக்குத் தனி லாக்கப், பெண் காவலர் முன்னிலையில் மட்டுமே விசாரணை என்று விதிகளை வகுத்தது.

பீகார் அந்த ஆண்டுகளில் திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்கு வந்தது. பாகல்பூரில் 1979-80இல் முப்பதுக்கும் மேற்பட்ட கைதிகளின் கண்களைப் போலீசார் ஊசியால் குத்தி அமிலம் ஊற்றிக் குருடாக்கினார்கள். ருதுல் ஷா என்பவர் 1968-இல் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டும் 1982 வரை சிறையிலேயே இருந்தார். அவரை வெளியே விட்டாயிற்றே, ஆட்கொணர்வு மனுவுக்கு இனி என்ன வேலை என்று அரசு கேட்டிருக்கலாம். உச்ச நீதிமன்றம் அங்கேயே நிற்காமல் 1983-இல் அவருக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. மொத்தம் 35,000 ரூபாய். பதினான்கு ஆண்டுகளுக்கு அது அற்பத் தொகை. ஆனால் அடிப்படை உரிமையை மீறினால் அரசு பணமாகவும் பதில் சொல்ல வேண்டும் என்ற கொள்கை அந்த அற்பத் தொகையில்தான் பிறந்தது.

நடைமுறையில் வளர்ந்துவிட்ட இதற்குக் கோட்பாட்டு வடிவம் 1981 டிசம்பர் 30-இல் வந்த எஸ்.பி.குப்தா தீர்ப்பில் கிடைத்தது. வறுமையாலோ இயலாமையாலோ தாமே வரமுடியாதவர்களுக்காக, நல்லெண்ணத்தோடு எவரும் நீதிமன்றத்தை அணுகலாம் என்றது அது. விசித்திரம் என்னவென்றால் அந்த வழக்கு ஏழைகளைப் பற்றியதே அல்ல, நீதிபதிகளின் நியமனம், இடமாற்றம் பற்றியது. மறு ஆண்டே டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக அரங்கங்கள் கட்டிய தொழிலாளர்களின் வழக்கில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்புக்குச் சமம், பசி என்பதும் ஒரு கட்டாயமே என்று பகவதி எழுதினார்.

இந்த வழக்குமுறை உண்மையில் எப்படி இயங்கியது என்பதைக் காட்ட பரிதாபாத் குவாரி வழக்கைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. ஆனால் டெல்லிக்குப் பக்கத்தில் அரியானாவின் பரிதாபாத் கல் குவாரிகளில், முன்பணக் கடனைக் காட்டிக் குடும்பம் குடும்பமாக மக்கள் பிடித்து வைக்கப்பட்டிருந்தார்கள். சுவாமி அக்னிவேஷின் பந்துவா முக்தி மோர்ச்சா என்ற அமைப்பு பகவதிக்குக் கடிதம் எழுதியது. மாநில அரசோ கொத்தடிமைகளே இல்லை என்று மறுத்தது. வழக்கமான உரிமையியல் வழக்கில் இங்கேயே எல்லாம் முடிந்துவிடும், ஏனென்றால் சாட்சியம் கொண்டுவர வேண்டியது மனுதாரரின் பொறுப்பு. கூலிக்காரர் முதலாளிக்கு எதிராகக் கூண்டில் ஏறி, அன்று மாலையே அதே குவாரிக்கு எப்படித் திரும்புவார்?

நீதிமன்றம் தானே ஆட்களை அனுப்பியது. வழக்கறிஞர்கள் இருவர் ஆணையர்களாகக் குவாரிகளுக்குச் சென்று தொழிலாளர்களிடம் பேசி அறிக்கை கொடுத்தார்கள். குடிநீர் எங்கே, மருத்துவர் எங்கே, கல் தூசுக்கு என்ன பாதுகாப்பு, கூலியில் எவ்வளவு பிடித்தம் என்ற விவரங்களைச் சேகரிக்கத் தனியாக ஒரு சமூக ஆய்வுக்கும் ஏற்பாடு செய்தது. குறுக்கு விசாரணை செய்யப்படாத அறிக்கையைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. சாசனத்தின் 32-ஆவது பிரிவு 'பொருத்தமான நடவடிக்கை' என்றுதான் சொல்கிறது, எதிரெதிராக நின்று வாதாடும் முறைதான் வேண்டும் என்று சொல்லவில்லை என்பது பகவதியின் பதில். 1983 டிசம்பர் 16-இல் வந்த தீர்ப்பில் 21 கட்டளைகள் இருந்தன. அதே அமர்வில் இருந்த நீதிபதி பாடக், கடிதங்களை நீதிமன்றத்துக்கு எழுத வேண்டுமே தவிர ஒரு குறிப்பிட்ட நீதிபதிக்கு எழுதக் கூடாது என்று தனியாக எழுதி வைத்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தனக்குப் பிடித்த நீதிபதியைத் தேர்ந்தெடுத்துக் கடிதம் போடும் வழக்கம் அப்போதே தொடங்கியிருந்தது. 1988-இல் எந்தெந்த வகைக் கடிதங்களை மனுவாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் விதிமுறை வகுத்தது. கொத்தடிமை, கைதிகள் மீதான கொடுமை, பெண்கள் மீதான வன்முறை, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமை போன்றவை அதில் இடம்பெற்றன. நில உரிமையாளர், குடியிருப்போர் தகராறு அதில் இல்லை.

1981-இல் மழைக்காலத்தின் நடுவே பம்பாய் நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தி ஊருக்கு அனுப்பப் போவதாக மகாராஷ்டிர முதல்வர் ஏ.ஆர்.அந்துலே அறிவித்தார். பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிசும் நடைபாதைவாசிகள் சிலரும் வழக்குத் தொடுத்தார்கள். 1985 ஜூலையில் தலைமை நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பு, வாழும் உரிமைக்குள் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்றது. பிழைக்கும் வழியைப் பறிப்பது உயிரைப் பறிப்பதற்குச் சமம் என்ற அதன் வாதம் உலகின் பல நாட்டுச் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. தீர்ப்பின் கடைசிப் பகுதியை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. நடைபாதை நடப்பதற்கே, முன்னறிவிப்புக் கொடுத்து அகற்றலாம், மழைக்காலம் முடியும் அக்டோபர் 31 வரை மட்டும் பொறுக்க வேண்டும் என்பதே அது. உரிமை கிடைத்தது, குடிசை கிடைக்கவில்லை.

இதற்குப் பிறகு நீதிமன்றம் இன்னொரு வேலையையும் ஏற்றுக்கொண்டது. சட்டம் இல்லாத இடத்தில் விதியைத் தானே எழுதுவது. காவல் நிலைய மரணங்களைப் பற்றி மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பின் தலைவர் 1986-இல் எழுதிய கடிதம், டி.கே.பாசு வழக்காகி 1996-இல் கைதுக்கான பதினொரு கட்டளைகளாக முடிந்தது. கைது செய்பவர் பெயர்ப் பட்டை அணிய வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சி கையெழுத்திட வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும் என்பவை அவற்றில் சில. தமிழ்நாட்டுக் காவல் நிலையச் சுவர்களிலும் அந்தப் பலகையைக் காணலாம். பலகைக்குக் கீழேயே அடி விழும் நிலையங்களும் உண்டு என்பது தெரிந்ததே. ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பணியாளர் ஒருவர் 1992-இல் கூட்டு வல்லுறவுக்கு ஆளானார். கீழ் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. பெண்கள் அமைப்புகள் விசாகா என்ற பெயரில் தொடுத்த வழக்கில், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 1997 ஆகஸ்ட் 13-இல் வகுத்தது. நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்க 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பதினாறு ஆண்டுகள் நீதிமன்றத்தின் நெறிமுறைகளே சட்டமாக இருந்தன.

சிவகாசி வழக்கு இந்த முறையின் பலத்தையும் பலவீனத்தையும் ஒரே இடத்தில் காட்டுகிறது. தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் இருந்த சிறுவர் சிறுமியருக்காக வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-இல் தீர்ப்பு வந்தது. ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் வேலை கொடுத்தவர் செலுத்த வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு அரசு வேலை தேடித் தர வேண்டும், இல்லையென்றால் தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும். குழந்தையின் கூலி நின்றால் வீட்டு அடுப்பு நிற்கும் என்பதை உணர்ந்த உத்தரவு அது. ஆனால் ஆலையில் எண்ணப்பட்ட குழந்தைகளுக்கே அது எட்டியது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டும் பிள்ளைக்கு முதலாளி யார் என்று காட்ட எந்தப் பதிவேடும் இல்லை. சிவகாசிப் பகுதியில் பிள்ளைகள் பள்ளிக்குப் போனதில் பள்ளிகள், சத்துணவு, இயந்திரங்கள், தொண்டு நிறுவனங்கள், வழக்கு எல்லாவற்றுக்கும் பங்குண்டு. வழக்குக்கு மட்டும் அந்தப் புகழைக் கொடுப்பது சரியாகாது.

நீதிமன்ற உத்தரவு ஒன்று கோடிக்கணக்கானவர்களின் தட்டுக்கு நேரடியாகப் போய்ச் சேர்ந்தது உணவு உரிமை வழக்கில்தான். நெருக்கடி நிலைக் காலத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கிய மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001 ஏப்ரலில் இதைத் தொடுத்தது. ராஜஸ்தானில் வறட்சி, பட்டினி. இந்திய உணவுக் கழகக் கிடங்குகளிலோ ஐந்து கோடி டன்னுக்கும் மேல் தானியம். 2001 நவம்பர் 28-இல் வந்த இடைக்கால உத்தரவு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி எல்லாவற்றிலும் ஆறு மாதத்துக்குள் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்றது. குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டுக்கு 200 நாள் என்று அளவும் சொன்னது. காமராசர் 1956-இல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982-இல் விரிவாக்கிய மதிய உணவைத் தமிழ்நாட்டுப் பள்ளிகள் ஏற்கெனவே கொடுத்துக் கொண்டிருந்ததால் இங்கே அந்த உத்தரவு பெரிதாகப் பேசப்படவில்லை. ஆனால் முடியாத காரியம் என்று பல மாநிலங்கள் சொன்னபோது, இருபதாண்டுகளாக நடப்பதை எப்படி முடியாது என்கிறீர்கள் என்று கேட்கத் தமிழ்நாடு உதவியது.

உத்தரவு காகிதத்தில் நிற்காததற்கு இரண்டு காரணங்கள். வழக்கை முடித்துவிடாமல் ஆண்டுக்கணக்கில் திறந்தே வைத்து, உத்தரவுக்கு மேல் உத்தரவாகப் போட்டுக்கொண்டிருந்தது நீதிமன்றம். என்.சி.சக்சேனா, எஸ்.ஆர்.சங்கரன் போன்ற முன்னாள் ஆட்சிப் பணி அதிகாரிகளை ஆணையர்களாக அமர்த்தி மாநிலங்களைக் கண்காணித்தது. வெளியே உணவு உரிமை இயக்கத்தினர் பள்ளி பள்ளியாகப் போய்க் கணக்கெடுத்தார்கள். கிராமத்தில் கணக்கெடுத்தது ஆணையர் அறிக்கையாகி, அறிக்கை அடுத்த உத்தரவானது. 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பொதுநல வழக்குகளில் எவை நிலைத்தன, எவை கிடப்பில் போயின என்று பார்த்தால், பெரும்பாலும் வெளியே இப்படி ஓர் அமைப்பு விடாமல் நின்ற இடத்தில்தான் தீர்ப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது.

ஏழைகளுக்காகத் திறந்த வழியில் பிறரும் நுழைந்தார்கள். 1990-களின் நடுப்பகுதியிலிருந்து டெல்லியில் நகரத் தூய்மைக்கும் காற்றுக்கும் தொடுத்த பொதுநல வழக்குகளில் ஆலைகள் மூடப்பட்டன, குடிசைகள் அகற்றப்பட்டன. 1996 ஜூலையில் ஒரே உத்தரவில் 168 ஆலைகளை நகரை விட்டு வெளியேறச் சொன்னது உச்ச நீதிமன்றம். வேலை இழந்தவர்கள் அந்த வழக்கில் தரப்பினராகவே இல்லை. ஆணையர் அறிக்கை, தளர்ந்த சாட்சிய விதி, தொடரும் உத்தரவு என்று கொத்தடிமைக்காகக் கண்டெடுத்த கருவிகள் எல்லாம் இப்போது கூலிக்காரருக்கு எதிராகப் பயன்பட்டன. சர்தார் சரோவர் அணையை எதிர்த்துத் தொடுத்த வழக்கில் 2000 அக்டோபர் 18-இல் மூவரில் இருவர் கட்டுமானத்தைத் தொடரவிட்டார்கள். நீதிபதி பருச்சா மாறுபட்டார். விளம்பரத்துக்கும் வியாபாரப் போட்டிக்கும் பொதுநல வழக்கு என்று பெயர் வைத்துக்கொண்டு வருபவர்களைத் தடுக்க 2010-இல் உச்ச நீதிமன்றமே தனி நெறிமுறை எழுத வேண்டி வந்தது.

அக்கம்பக்கத்து நாடுகளும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தன. பாகிஸ்தானில் செங்கல் சூளைக் கொத்தடிமைகள் தலைமை நீதிபதிக்கு அடித்த தந்தி 1988-இல் வழக்கானது. வங்கதேசத்தில் 1996-இல் வெள்ளத் தடுப்புத் திட்டம் ஒன்றின் வழக்கில் வழக்குத் தொடுக்கும் தகுதி விரிவாக்கப்பட்டது. இலங்கையின் 1978 அரசியலமைப்பு இன்னும் இறுக்கமானது. அடிப்படை உரிமை மனுவை உச்ச நீதிமன்றத்தில் மட்டுமே, மீறல் நடந்த ஒரு மாதத்துக்குள், பாதிக்கப்பட்டவரோ அவருடைய சட்டத்தரணியோதான் தாக்கல் செய்யலாம் என்கிறது அதன் 126-ஆவது உறுப்புரை. தடுப்புக் காவலில் இருப்பவருக்கு ஒரு மாதம் என்பது எவ்வளவு குறுகியது என்று சொல்லத் தேவையில்லை. தென்னாப்பிரிக்கா வேறு வழியில் போனது. அங்கே வீடு, மருத்துவம் ஆகியவை சாசனத்திலேயே உரிமைகள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தை அரசு மருத்துவமனைகளில் பரவலாகத் தர அரசு மறுத்தபோது, சிகிச்சைக்கான இயக்கத்தினர் வழக்குத் தொடுத்து 2002 ஜூலையில் வென்றார்கள். அங்கும் தெருவில் ஊர்வலமும் நீதிமன்றத்தில் வாதமும் சேர்ந்தே நடந்தன.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு நீண்ட உதாரணம் உண்டு. தருமபுரி மாவட்டம் அரூர் வட்டம், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20-இல் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையினர் 155 பேர், போலீசார் 108 பேர், வருவாய்த் துறையினர் 6 பேர் அந்தப் பழங்குடிக் கிராமத்தில் நுழைந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், ஆடு மாடுகளைக் கொன்றார்கள், பதினெட்டுப் பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய் வல்லுறவு செய்தார்கள். ஊர்மக்கள் மீதே வழக்குப் போட்டுச் சிறையில் அடைத்தார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது அரசு. மலைவாழ் மக்கள் சங்கத்தினர் ஊருக்குள் போய் விவரம் சேகரித்தார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர் அ.நல்லசிவன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அங்கிருந்து வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1995-இல் உயர் நீதிமன்றம் விசாரணையைச் சி.பி.ஐ.யிடம் ஒப்படைத்தது.

சாட்சிகள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடந்தார்கள். சமரசத்துக்கும் மிரட்டலுக்கும் குறைவில்லை. 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதுவரை உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. பதினேழு பேர் மீது வல்லுறவுக் குற்றம் உறுதியானது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி பி.வேல்முருகன் நேரில் வாச்சாத்திக்குப் போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29-இல் தண்டனைகளை உறுதிசெய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா பத்து லட்சம் ரூபாய், அதில் ஐந்து லட்சத்தைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றார். அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். ஒரே கிராமத்துக்காக இவ்வளவு அரசு ஊழியர்கள் தண்டிக்கப்பட்ட வழக்கு இந்தியாவில் வேறொன்றைக் காட்டுவது கடினம்.

மலக்குழி மரணங்கள் இன்னும் முடியாத வழக்கு. துப்புரவுப் பணியாளர் இயக்கமான சபாய் கரம்சாரி ஆந்தோலன் 2003-இல் தொடுத்த மனுவில், தமிழ்நாட்டைச் சேர்ந்த தலைமை நீதிபதி ப.சதாசிவம் தலைமையிலான அமர்வு 2014 மார்ச் 27-இல் தீர்ப்புச் சொன்னது. 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்தவர்களின் குடும்பங்களைக் கண்டறிந்து தலா பத்து லட்சம் வழங்க வேண்டும் என்பது உத்தரவு. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை முப்பது லட்சமாக உயர்த்தியது. தொகை மும்மடங்கானது, மனிதரை இறக்கி வேலை வாங்குவது நிற்கவில்லை.

ஹுசைனாரா காத்தூன் தீர்ப்பு கேட்ட இலவசச் சட்ட உதவி 1987-இல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டமாகி 1995 நவம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்தது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள். அவர்களில் பலருக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோர் வருமான வரம்பின்றி அங்கே வழக்கறிஞர் கேட்கலாம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 15100.